ஊற்றியதா, பூசியதா

முகத்தில் அசிட் பட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் முதலில் சொன்னது நான்தான். அந்த ஒரு சொல்லால் என் கணவர் அன்ரனைப் பொலிஸ் விசாரித்தது. அண்ணை அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பப் போனார். அம்மா என் கட்டிலடியை விட்டு அசையவில்லை. இப்போது தோல் ஆறிவிட்டது. இடது கன்னத்தில் மட்டும் ஒரு கருமை நிற்கிறது. நாளடைவில் மங்கிவிடும் என்கிறார்கள். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்புகிற பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டதால், மங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் வேலை செய்யும் ஸ்ரூடியோவுக்கு வருகிற மணப்பெண்கள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பூசினனீங்கள்?" என்று கேட்பதில்லை. "ஆர் அக்கா செய்தது?" என்றுதான் மெல்லக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கொக்குவிலில் உள்ள அந்த ஸ்ரூடியோவில் கல்யாண அல்பங்களுக்குப் படம் திருத்துவது என் வேலை. மணப்பெண்ணின் முகத்தைக் கணினியில் பெரிதாக்கி, பருத்தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் அழிப்பேன். நாள் முழுக்க மற்றவர்களின் கன்னங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தால் குறைதான் தெரியும்.

அன்ரன் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கர். நாங்கள் கரவெட்டிச் சைவக் குடும்பம். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பிறகு அம்மா வந்துபோகத் தொடங்கினார். அண்ணை ஒரு நாளும் வரவில்லை. அன்ரன் நானும் அவரும் குடியிருக்கும் வீட்டுக்குக் கிட்ட, ரோட்டோரத்தில் வாகன பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருக்கிறார். பற்றரிக்குள் இருக்கும் அசிட் தெறித்துத் தெறித்து, அவருடைய எல்லாச் சேட்டிலும் பொட்டுப் பொட்டாய் ஓட்டை.

இது நடந்த வாரம், வயதுக்கு வந்த அண்ணையின் மகளுக்குச் சாமத்திய வீடு வைக்க ஏற்பாடாகியிருந்தது. அண்ணி ஃபோன் எடுத்து, "நீ வந்து ஆலாத்தி எடுக்க வேணும். அன்ரனையும் கூட்டிக்கொண்டு வா," என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு. அன்று எனக்கு வேலை ஓடவில்லை. சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். என் சேலையைப் பார்க்குமுன் முகத்தைப் பார்ப்பார்கள். அவனைக் கட்டி எப்படி வாடிப்போனாள் என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்படி யாரும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

அலுமாரியில் ஏற்கெனவே சாமான்கள் இருந்தன. பருவுக்கென்று வாங்கிய, சலிசிலிக் அசிட் சேர்த்த முகம் கழுவும் திரவம். கனடாவிலிருந்து சித்தியின் மகள் அனுப்பிய பார்சலில் இருந்த கிளைகோலிக் அசிட்; சிவப்பாக, இரத்தம் மாதிரி இருக்கும், பூசிச் சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும். அதே பார்சலில் வந்த, இரவில் பூசும் ரெட்டினோல் கிறீம். இவை போதாதென்று ஒரு அழகுநிலையத்தில் வாங்கிய வெள்ளை டப்பி. அதில் பெயரும் இல்லை, லேபலும் இல்லை. "எங்கடை சொந்தத் தயாரிப்பு," என்று தந்தார்கள். அதைப் பூசத் தொடங்கிய சில கிழமைகளிலேயே முகம் வெளுத்து மினுமினுத்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் நான் கூடுதலாக நம்பினேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் வேலையால் வந்தேன். திரவத்தால் முகத்தைக் கழுவினேன். ஈரம் காயுமுன்பே சிவப்பு அசிட்டைப் பூசினேன். கடுகடுத்தது. கடுகடுத்தால் வேலை செய்கிறது என்று ஏதோ வீடியோவில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். போத்தலில் போட்டிருந்ததைவிடச் சற்றுக் கூட நேரம் விட்டுத்தான் கழுவினேன். அதற்கு மேல் ரெட்டினோலைத் தடிப்பாகப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் முகம் நெருப்பாய் எரிந்தது. துவாயால் அழுத்தித் துடைத்தேன். கன்னத்துத் தோல் சுருண்டு துவாயோடு வந்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு வந்த அன்ரன் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். "கண்ணை மூடும். கை வையாதையும். தண்ணி ஓடட்டும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் வைத்தியர் இருந்தார்.

"என்ன பட்டது?"

"அசிட்," என்றேன். வாயைச் சுற்றி வீங்கிவிட்டதால் அதற்கு மேல் விளக்கம் சொல்ல முடியவில்லை.

அவர் என் பக்கத்தில் நின்ற அன்ரனைப் பார்த்தார். பிறகு அவருடைய சேட்டில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?"

"பற்றரிக் கடை, டொக்டர்."

"கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ."

அன்ரன் வெளியே போனார். அதன் பிறகு பல நாட்களுக்கு அவரை என் பக்கத்தில் தனியே விடவில்லை.

என்னை வாட்டில் சேர்த்தார்கள். இரசாயனத் தீக்காயம் என்று கட்டில் அட்டையில் எழுதினார்கள். நெருப்பே இல்லாமல், ஒரு பொருள் தோலை அரித்து உண்டாக்குகிற காயம். உப்புநீரில் நனைத்த மெல்லிய துணியை முகத்தில் போட்டு எடுப்பார்கள். காயத்திலிருந்து கசிகிற நீர் காய்ந்து பொருக்காகிவிடாமல் இருப்பதற்காக. துணியை எடுக்கிற ஒவ்வொரு முறையும் என் மூச்சு நின்று வரும்.

வாய் கொஞ்சம் திறந்ததும் நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. வயதில் மூத்த நேர்ஸ் மிஸ் ஒருவர் என் கையைத் தடவி, "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. இஞ்சை உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. பிறகு ஆறுதலா உண்மையைச் சொல்லுங்கோ," என்றார். வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ் உத்தியோகத்தரிடமும் சொன்னேன்.

"ஒருத்தரும் ஊத்தேல்லை ஐயா. நான்தான் பூசினனான்."

"முகத்துக்கு அசிட் பூசுறதோ, அம்மா?"

"ஓம். கடையிலை விக்கிறாங்கள்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "சரி. உங்கடை அவருக்கு உடனை தண்ணி ஊத்த வேணுமெண்டு எப்பிடித் தெரிஞ்சது? ஏற்கெனவே ஆயத்தமா நிண்டவரோ?"

பற்றரியோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும் என்றேன். அவர் அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

அண்ணை கரவெட்டியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"உவன்தானே?"

"இல்லை அண்ணை."

"உவன்ரை சேட்டைப் பாத்தனான். பயத்திலை மறைக்காதை. அவனிட்டை இனிப் போகத் தேவையில்லை. நாங்கள் இருக்கிறம்."

அந்த வார்த்தைக்காக நான் எத்தனையோ காலம் காத்திருந்தேன். நாங்கள் இருக்கிறோம் என்று அண்ணை சொல்ல வேண்டும் என்று. இந்தக் காரணத்துக்காக அது வரும் என்று நினைக்கவில்லை.

நோயாளரைப் பார்க்கிற நேரத்தில் அன்ரன் சூப் கொண்டுவருவார். சப்ப முடியாது என்பதால் மரக்கறியை அவித்து, மசித்து, வடித்துக்கொண்டு வருவார். வாட்டு வாசலில் அம்மா அதை வாங்குவார். அன்ரனின் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, ஒரு கரண்டி தான் குடித்துவிட்டு, சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தருவார். அன்ரன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த நாளும் கொண்டுவருவார்.

எல்லாரும் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தால் அது நமக்குள்ளும் இறங்கிவிடுகிறது. கண் வீக்கத்தில் மூடியபடி கிடந்தபோது எனக்கும் ஒரு நினைப்பு வந்தது. கொடியில் என் துவாயும் அன்ரனின் வேலைக் காற்சட்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் காயும். காற்சட்டையிலிருந்து ஏதும் துவாயில் பட்டிருக்குமோ. நான் துவாயால் துடைத்த பிறகுதானே தோல் உரிந்தது. பிறகு, தெரியாமல்தான் பட்டதா, வேண்டுமென்றா என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை என்னால் துரத்த முடியவில்லை. முகத்தில் பூசுகிற மருந்தையும் சந்தேகித்தேன். மிஸ் கொண்டுவரும் ரியூப்பை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பெயரை எழுத்துக் கூட்டி வாசித்த பிறகுதான் பூச விடுவேன். கனடாக்காரி பழைய சாமானை அனுப்பிவிட்டாளோ என்றும் நினைத்தேன். வெள்ளை டப்பியை மட்டும் சந்தேகிக்கவில்லை.

சட்ட வைத்திய அதிகாரி வந்தார். ஒரு காயம் விபத்தா, யாரும் செய்ததா என்று உடம்பைப் பார்த்துச் சொல்கிற வைத்தியர். நிதானமாகக் கதைக்கிற மனிதர். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். இடையில் எதுவும் கேட்கவில்லை. பிறகு என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, கழுத்தில், நெஞ்சில் எல்லாம் பார்த்தார். கடைசியாக என் கைகளை விரிக்கச் சொன்னார். வலது கையில் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நுனித்தோல் உரிந்திருந்தது. அதை நானே அதுவரை கவனிக்கவில்லை.

அம்மாவையும் அண்ணையையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஊத்தினால் ஓடும். கழுத்துக்கு, நெஞ்சுக்கு, காதுக்குள்ளை இறங்கும். இது தாடையோடை வெட்டினமாதிரி நிக்குது. கண்ணைச் சுத்தி விட்டிருக்கு, வாயைச் சுத்தி விட்டிருக்கு. பூசின விரல் ரெண்டும் வெந்திருக்கு. இது ஊத்தினது இல்லை. பூசினது. பூசினதும் இவதான்."

அவர் என்னை நம்பினார் என்று சொல்ல முடியாது. அவர் காயத்தைத்தான் நம்பினார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அண்ணைக்குப் போதவில்லை. "பூசினது அவளெண்டாலும், போத்தலுக்குள்ளை ஆர் என்ன கலந்ததெண்டு ஆருக்குத் தெரியும், டொக்டர்?"

"அதுவும் கேக்க வேண்டிய கேள்விதான்," என்றார் அவர். "எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. தோல் டொக்டர் பாக்கட்டும்."

அன்ரன் கொண்டுவந்தால் மாற்றிவிடுவார் என்று அண்ணை பயந்தார். ஆகவே பொலிஸ் உத்தியோகத்தரோடு அவரே போனார். அண்ணை எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். திரும்பி வரும்போது ஒரு பையில் என் போத்தல்களும், இன்னொரு பையில் பாதி எரிந்த என் துவாயும் இருந்தன. குப்பைக் கிடங்கின் சாம்பலுக்குள் கிடந்ததாம்.

அண்ணை அன்ரனை வாட்டுக்குள் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாயிருந்தது.

"இதை ஏன் எரிச்சனி?"

அன்ரன் துவாயைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். "என்ரை காச்சட்டையும் அவவின்ரை துவாயும் ஒரே கொடியிலைதான் காய்ஞ்சது. அதிலையிருந்து பட்டிருக்குமோ எண்டு நினைச்சன். நான்தான் அவவின்ரை முகத்தைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு... அந்தத் துவாயை வீட்டிலை வைச்சுப் பாக்க ஏலாமல் போச்சு."

அண்ணை அவருடைய சேட்டை எட்டிப் பிடித்தார். "அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"விடுங்கோ அவரை," என்று வாசலில் இருந்து ஒரு குரல். தோல் வைத்திய நிபுணர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த பெண்மணி. துவாயை வாங்கி, எரியாத பாதியை என் கட்டிலில் விரித்து, யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பிறகு அன்ரனின் சேட்டு நுனியை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"பற்றரி அசிட் பட்ட துணி இப்பிடித்தான் இருக்கும். துவாயிலை ஒரு ஓட்டையும் இல்லை. முகத்தோலை உரிக்கிற அளவுக்கு அசிட் இருந்திருந்தால் துணி எப்பவோ இத்துப்போயிருக்கும்."

அண்ணையின் கை தானாக விட்டது. எனக்குள் இருந்த கேள்வியும் அப்போதுதான் விட்டது. அன்ரனும் அதையேதான் தன்மேல் சந்தேகித்துக்கொண்டு, தினமும் சூப் வடித்திருக்கிறார்.

டொக்டர் போத்தல்களை வரிசையாக வைத்தார். எந்த ஒழுங்கில் பூசினேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தோலின்ரை மேல்படையை ஒரு மதில் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இந்த அசிட் ரெண்டும் மதிலின்ரை சாந்தைக் கரைச்சுப் பழைய கல்லை உதிர்க்கும். அளவோடை செய்தால் கெடுதல் இல்லை. ரெட்டினோல் உள்ளையிருந்து புதுக்கல்லை அவசரமா மேலை தள்ளும். அதுவும் தனியச் செய்தால் பரவாயில்லை. நீங்கள் ஒரே பொழுதிலை எல்லாத்தையும் செய்திருக்கிறியள். மதில் எங்கை நிக்கும்?"

"ஆனா கனபேர் செய்யினம், டொக்டர். இப்பிடி உரியிறேல்லையே," என்றேன்.

"அதுதான் எனக்கும் யோசனை," என்றபடி வெள்ளை டப்பியைத் திறந்தார். மணந்து பார்த்தார். விரலில் எடுத்து உருட்டினார். "இதை எவ்வளவு காலமாப் பூசுறியள்? கன்னத்திலை இந்த நூல் நூலான சிவப்பு எப்ப வந்தது?"

அந்தச் சிவப்பை நான் பளபளப்பு என்று நினைத்திருந்தேன்.

"இதுக்குள்ளை ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருக்குமெண்டு சந்தேகப்படுறன். எரிச்சலையும் பருவையும் உடனை அடக்கும். பாக்க வெள்ளையாத் தெரியும். பூசப் பூசத் தோல் கடதாசி மாதிரி மெல்லிசாப் போகும். அதுக்கு மேலைதான் மற்றதெல்லாம் விழுந்திருக்கு. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பாத்துத்தான் நிச்சயமாச் சொல்லலாம்."

அனுப்பிப் பார்த்தார்கள். இருந்தது. அழகுநிலையத்தில் போய்க் கேட்டபோது, அது தங்கள் டப்பியே இல்லை என்றார்கள். லேபல் இல்லாத டப்பிக்கு அது ஒரு வசதி.

அன்றைக்கு டொக்டர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே இங்கே வைக்கிறேன்: "அசிட் பூசிற இரவிலை ரெட்டினோல் வேண்டாம், அதை வேறை இரவுக்கு விடுங்கோ. ரெண்டு விதமான அசிட்டை ஒண்டுக்கு மேலை ஒண்டு போடாதேங்கோ. விற்றமின் சி எண்டு விக்கிறதும் சிலது அசிட் மாதிரித்தான் கடிக்கும், அதைக் காலமைக்கு வையுங்கோ. புதுசா எது வாங்கினாலும் முதல் முழங்கையின்ரை உள்பக்கத்திலை பூசிச் சில நாள் பாருங்கோ. எரியிறது வேலை செய்யிறதுக்கு அடையாளம் இல்லை. இதுகளைப் பூசினால் வெயிலுக்குப் பாதுகாப்புக் கிறீம் இல்லாமல் வெளிக்கிடாதேங்கோ. இப்ப உங்களுக்கு ஒண்டுமே வேண்டாம். தோல் தானா மதிலைக் கட்டட்டும்."

ஸ்ரீரொயிட்டை நிறுத்தினதும் முகம் கொஞ்சக் காலம் சிவந்து தடிக்கும், அதைக் கண்டு பயந்து திரும்ப டப்பியைத் தேடக்கூடாது என்றும் எச்சரித்தார். அப்படியே தடித்தது. டப்பி கையில் இருந்திருந்தால் தேடியிருப்பேன்.

டொக்டர் போன பிறகு அண்ணை எரிந்த துவாயை மடித்துப் பைக்குள் வைத்தார். மன்னிப்பென்று எதுவும் கேட்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி அன்ரனைப் பார்த்தார். "வாரும். கீழை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்." சற்று முன்வரை நீ என்று கதைத்தவர். அன்ரன் என்னைப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

சாமத்திய வீடு நான் வாட்டில் இருக்கும்போதே நடந்தது. வேறு யாரோ ஆலாத்தி எடுத்தார்கள். அன்று பின்னேரம் அண்ணை, நெற்றியில் சந்தனம் காயாமல், பலகாரத்தோடு வந்தார். ஒரு பை எனக்கு. ஒரு பை அன்ரனுக்கு.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் கூட வந்தார். சமைத்துத் தர வந்ததாகச் சொன்னார். ஆனால் பாயை என் கட்டிலுக்குக் குறுக்கே விரித்துத்தான் படுத்தார். ஆஸ்பத்திரியில் எல்லாம் தெளிவான பிறகும், அம்மாவின் கண் அன்ரனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்ரனும் அதைத் தெரிந்துகொண்டார். கடையிலேயே குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். தன் உடுப்புக்கு வளவின் பின்பக்கத்தில் வேறு கொடி கட்டினார். என்னோடு கதைக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரே வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேரும் எதையோ தட்டிவிடாமல் நடக்கிறவர்கள் மாதிரி நடந்தோம்.

கிளினிக்கில் ஒரு ஈரப்பதக் கிறீம் எழுதித் தந்தார்கள். அதன் பெட்டியில் ஹயலூரோனிக் அசிட் என்று இருந்தது. அதை வாசித்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"திரும்பவும் அசிட்டோ?" என்றார் அம்மா.

டொக்டரிடமே கேட்டோம். "இது தண்ணியைத் தோலிலை பிடிச்சு வைக்கிற சாமான். பெயர்தான் அசிட். அரிக்காது," என்று சிரித்தார். அவர் சொன்ன பிறகும் முழங்கையின் உள்பக்கத்தில் பூசிப் பார்த்தேன். அம்மா தன் கையிலும் கொஞ்சம் பூசினார். அன்ரனும் தன் கையை நீட்டினார். சில நாட்கள் மூன்று பேரும் காலமையில் எழும்பிக் கையை மடக்கி மடக்கிப் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

முகத்தில் பூசலாம் என்று முடிவெடுத்த அன்று, மத்தியானம் அன்ரன் சாப்பிட வந்திருந்தார். நான் கண்ணாடிக்கு முன்னால் இருந்தேன். கிறீமை விரலில் எடுத்துவிட்டேன். விரல் கன்னத்துக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது. அதே இரண்டு விரல்கள். உலகத்தில் எல்லாரையும் சந்தேகித்து முடித்து, கடைசியில் என் கையைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

"இஞ்சை வாங்கோ. நீங்கள் பூசிவிடுங்கோ," என்றேன்.

பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"நானோ?" என்றார் அன்ரன்.

"ஓம்."

அவர் கிணற்றடிக்குப் போனார். சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்க்கிற சத்தம் கேட்டது. வந்து இரண்டு கையையும் விரித்து முதலில் அம்மாவிடம் காட்டினார், பிறகு என்னிடம். எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் கண்ணை மூடினேன். மூடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

குளிர்ந்தது. அவருடைய விரல்நுனி சொரசொரப்பு. ஆனால் பாரமே இல்லை.

"எரியுதோ?"

"இல்லை."

"எனக்காகச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை. மற்றக் கன்னத்துக்கும் பூசுங்கோ."

அம்மா திரும்பப் பயிற்றங்காய் முறிக்கத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அடுத்த நாள் காலமை அம்மா பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். "அங்கை வீடு போட்டது போட்டபடி கிடக்கு. நான் வெளிக்கிடுறன்," என்றார். அன்ரன் மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே எடுத்து நிறுத்தினார். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி இருந்தார். முதலில் சீற்றின் கம்பியைத்தான் பிடித்திருந்தார். எங்கள் ஒழுங்கைப் பாதை மேடு பள்ளம். திருப்பத்தில் வண்டி ஒரு முறை குலுங்கியபோது, கம்பியை விட்டு, அன்ரனின் தோளைப் பிடித்துக்கொண்டார். பஸ் ரோட்டுக்கு ஏறி மறையும்வரை கையை எடுக்கவில்லை.